கல்லுக்கு முன்னால் ஒரு பட்டியல்

நெய்வேலியில் எங்கள் வட்டத்துச் சாலையில் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். போன மகாளய அமாவாசைக்கு முந்தின நாள், "நாளைக்கு வரமாட்டேன் தம்பி, சின்னத் தாத்தாவுக்குப் படைக்கணும்" என்றார். அவர் இறந்தது அமாவாசை அன்றா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எப்ப செத்தார்னு யாருக்குத் தெரியும்? மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவரு. சண்டையில ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கூட்டிக்கிட்டுப் போனான். அதோட சரி. தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் இந்த அமாவாசைதானே."

இருபது வருஷமாக டேட்டாபேஸோடு குடும்பம் நடத்துகிறவன் நான். ஒரு தேதி தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம், இல்லாவிட்டால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மதிப்பைப் போடுவோம். நம் ஆட்கள் அதற்கு ஒரு அமாவாசையையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும், முன்பு அரைகுறையாகப் படித்து வைத்திருந்த ஒரு அறிக்கையை மறுபடி எடுத்து முழுசாகப் படித்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட சிறப்புக் குழு அறிக்கை. பேரரசுக்காகச் செத்தவர்களை நினைவுகூர்ந்ததில் நடந்த ஏற்றத்தாழ்வுகள் பற்றியது. இந்தப் பதிவு அந்த அறிக்கையைப் பற்றி, அதில் விட்டுப்போனதைப் பற்றி.

முதலில் ஆணையம். 1917ல் அரச சாசனத்தோடு தொடங்கியது. முதல் உலகப்போரில் மண்ணில் கிடந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கல் வைக்க வேண்டும் என்று ஃபேபியன் வேர் என்பவர் பிடிவாதமாக நின்றதில் உருவானது. பதவி, இனம், மதம் எதுவும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பணக்கார வீட்டுக்காரர்கள் மகனின் உடலை ஊருக்குக் கொண்டுவர அனுமதி கேட்டபோதுகூட மறுத்தார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சென்னையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மவுண்ட் பூந்தமல்லி சாலையின் அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் வெட்டிச் சீராக்கிய புல், வரிசை தப்பாத கற்கள். 1952ல் அமைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க முடியாத இடங்களில் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை எடுத்து வந்து ஒன்றாகச் சேர்த்த இடம். 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். பின்பக்கம் முதல் உலகப்போரில் இறந்து இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வெட்டிய நினைவுச் சுவர். நான் போன அன்று தோட்டக்காரர் ஒருவர் கல்லுக்கு அடியில் முளைத்திருந்த புல்லைக் கையாலேயே கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பெயரை எழுதிவிட்டால் அதை எழுபது வருஷம் காப்பாற்றுகிற நிறுவனம் இது.

யார் பெயரை எழுதினார்கள் என்பதில்தான் சிக்கல். இதை முதலில் பொதுவெளியில் உரக்கக் கேட்டவர் பிரிட்டிஷ் எம்.பி. டேவிட் லாமி, 2019ல் ஒரு ஆவணப்படத்தில். அதற்குப் பிறகுதான் ஆணையம் குழு போட்டது. குழு சொன்ன கணக்கு: 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. இவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், சோமாலிகள். இது போக, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. சிலருக்கு எந்தவித நினைவுச் சின்னமும் இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல மூன்று மடங்கு. என் புராஜெக்டில் இப்படி ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தால் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். ஆனால் குழுவின் மேல் தப்பு சொல்ல முடியாது. நூறு வருஷம் முன்னால் எழுதாமல் விட்ட பதிவை இன்று யார் வந்தாலும் இப்படித்தான் ஊகிக்க முடியும்.

அறிக்கையின் பலம், அது பழைய கடிதங்களைத் தோண்டி, முடிவை எடுத்தது யார் என்று காட்டுவது. 1923ல் கோல்ட் கோஸ்ட் ஆளுநர், அதாவது இன்றைய கானாவின் ஆளுநர், அந்த ஊர்ச் சாதாரண மனிதனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆணையமும் தலையாட்டியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமை தூக்கிச் செத்தவர்களுக்குத் தனிக் கல் இல்லை, பெயர் இல்லை, நைரோபியில் பொதுவாகச் சில சிலைகள். நம் பக்கம் பஸ்ரா. மெசபொட்டேமியப் போரில் இறந்தவர்களுக்கான அந்த நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பெயருக்குக் கீழே 'மேலும் இத்தனை பேர்' என்று ஒரு எண் மட்டும். அதே இந்திய ராணுவத்தின் சிப்பாய்கள் 4,700க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரான்சில் நவ் ஷாபெல் நினைவிடத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஆக பெயர்ப் பட்டியல் கிடைக்கவில்லை என்று எல்லா இடத்திலும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஐரோப்பாவில் செத்தால் பெயர், பஸ்ராவில் செத்தால் எண்.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இப்படிப்பட்ட சலவைக்கல் பலகைகள் உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பார்த்திருப்பீர்கள், ஊர்ச் சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடத்திலோ. பெயர் இருக்காது. எண்ணை எழுதியவன் எங்கேயோ ஒரு பட்டியலைப் பார்த்து எண்ணித்தானே எழுதியிருப்பான்?

அந்த ஆளுநர் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தால் நான் அவரைத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பைக்குக் கூட்டிப் போயிருப்பேன். அங்கே 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த மாடுபிடி சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு வைத்தது. எழுத்து தமிழி. காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஜா இல்லை, படைத்தலைவன் இல்லை. மாட்டுக்காகச் செத்த ஒருத்தன். அவன் பெயரும் ஊரும் செத்த காரணமும் கல்லில் இருக்கு. தொல்காப்பியம் இதற்குப் படிப்படியாக முறையே வகுத்திருக்கு: கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, பெரிய அளவில் படைத்துச் சிறப்பு செய்வது, வாழ்த்துவது. கல்லில் பெயரையும் பெருமையையும் எழுதுவதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இன்னும் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. செத்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கு. நாயின் பெயர் கோவிவன். அதுவும் கல்லில் எழுதியிருக்கு. விழுப்புரம் பக்கத்தில் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே ஒரு கல். பைக்கை எடுத்தால் நெய்வேலியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வந்துவிடலாம், நான் இரண்டு முறை போயிருக்கிறேன். நாய்க்கும் கோழிக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிற கல் வைத்த ஊர்க்காரனுக்குக் கல்லின் அருமை புரியாதாம்.

இதுவரைக்கும் அறிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை வருவது சயாமில்.

அறிக்கை பெரும்பாலும் முதல் உலகப்போரையும் அதன் பின்விளைவுகளையும்தான் தோண்டுகிறது. பார்ப்பதும் ராணுவத்தோடு சேர்ந்தவர்களை: சிப்பாய்கள், சுமை தூக்கிகள், தொழிலாளர் படையினர். பெரியவரின் சின்னத் தாத்தா இந்த இரண்டு வேலிக்கும் வெளியே நிற்கிறார். அவர் செத்தது இரண்டாம் போரில். அவர் எந்தப் படையிலும் இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று சுருக்கமாக. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு ரயில்பாதை தேவைப்பட்டது. சயாமிலிருந்து பர்மா வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல், காடும் மலையும். 1943 அக்டோபரில் முடித்தார்கள். அறுபதாயிரம் போர்க் கைதிகளை அதில் போட்டார்கள், அதில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூணு மாசத்தில் திரும்பிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள், பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டிய கதையையும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழையில் காலரா வந்தது. ஆணையமே தன் பக்கத்தில் தரும் கணக்கு, பாதையில் இறந்த பொதுமக்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை.

2018ல் ஆபீஸ் வேலையாகப் பாங்காக் போனபோது ஒரு சனிக்கிழமை காஞ்சனபுரிக்குப் போனேன். நந்தம்பாக்கத்தின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கு அந்தக் கல்லறைத் தோட்டம். 5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சுக்காரர்கள். ஒவ்வொரு பீடத்திலும் வெண்கலத் தகட்டில் பெயர், படை, தேதி, வயது. பலருக்குக் கீழே வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் கொஞ்ச நேரத்தில் நடக்க முடியவில்லை. நுழைவு வாசலில் ஒரு சின்னப் பலகை: தாய்லாந்தில் வேறு இடங்களில் முஸ்லிம் மயானங்களில் புதைக்கப்பட்ட, பராமரிக்க முடியாத கல்லறைகளுக்குரிய பிரிக்கப்படாத இந்திய ராணுவத்தினர் 11 பேரின் பெயர்கள். பதினொன்று. அந்தப் பதினோரு பேருக்கும் அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். தமிழில் ஒரு எழுத்து கண்ணில் படுமா என்று ஒரு மணி நேரம் சுற்றினேன். படவில்லை.

காட்டுக்குள் செத்த கைதிகளுக்கு இத்தனை துல்லியமாகத் தகடு எப்படி வந்தது? அறிக்கையைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், விடுதலையான கைதிகளில் சிலரே தாமாக முன்வந்து ஒரு தேடும் குழுவாகப் பாதை நெடுக மறுபடி போனார்கள். வீட்டுக்குப் போகக் கப்பல் நிற்கிறது, இவர்கள் காட்டுக்குத் திரும்பினார்கள். 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்க முடியாமல் போனவை வெறும் 52 என்று பதிவாகியிருக்கு. இது சாத்தியமானதற்குக் காரணம், முகாம்களில் கைதிகள் ரகசியமாக வைத்த கணக்கு. ராணுவம் தோற்றுக் கைதியானாலும் ராணுவமாகவே இருந்தது. எழுத்தர் இருந்தார், அதிகாரி இருந்தார், பாதிரியார் இருந்தார், ஆள் பட்டியல் இருந்தது. யார் செத்தான், எந்த இடம், எந்த வரிசை என்று குறித்து, சில சமயம் அந்தக் காகிதத்தையே டப்பாவில் அடைத்துக் கல்லறைக்குள் புதைத்து வைத்தார்கள், ஜப்பானியர் கையில் சிக்காமல் இருக்க.

பக்கத்துத் தமிழர் முகாமில் எழுத்தர் கிடையாது. பெரும்பாலும் மருத்துவரும் கிடையாது. கங்காணி இருந்தால் உண்டு, அவரும் காலராவில் போயிருப்பார். குழி தோண்டிச் சேர்த்துப் போட்டார்கள், இல்லை எரித்தார்கள். 1945ல் தேடிப் போக அவர்களுக்கு ஒரு குழுவும் இல்லை, தேடிப் போனாலும் கையில் காகிதம் இல்லை.

அதனால் கல் வைக்காததை மட்டும் அநியாயம் என்று பேசுவது எனக்குப் பாதிப் பேச்சாகத் தெரிகிறது. அறிக்கையும் அதன் மேல் வந்த செய்திகளும் கல், சுவர், நினைவுச் சின்னம் என்றே பேசுகின்றன. கல் கடைசிப் படி. அதற்கு முன்னால் பட்டியல். பட்டியல் யாருக்கு எழுதப்படும் என்பதை 'சிப்பாய்' என்ற ஒரு வகை தீர்மானித்தது. அந்த வகைக்குள் வராதவன் செத்ததே அலுவலகத்துக்குத் தெரியாது.

'அவர்கள் பொதுமக்கள், போர்க் கல்லறை ஆணையத்தின் வேலைக்குள் வரமாட்டார்கள்' என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில் மாதிரிதான் தோன்றும். ஆனால் இதே ஆணையம் இரண்டாம் உலகப்போரில் எதிரித் தாக்குதலில் இறந்த பிரிட்டிஷ் பொதுமக்கள் 66,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தொகுத்திருக்கு. குண்டு விழுந்த லண்டன் வீட்டில் செத்த பாட்டியும் குழந்தையும் அதில் உண்டு. புத்தகங்களாகக் கட்டி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே ராணுவச் சீருடை கேட்கவில்லை. மலாயாத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிய தமிழனும் பிரிட்டிஷ் ஆட்சியின் குடிதான், அவனையும் எதிரிதான் கொன்றான். ஆக வகையை விரிக்க முடியும், விரிக்க மனசு வந்தால். அண்மையிலும் விரித்திருக்கிறார்கள்: 2025 ஜனவரியில் கேப் டவுனில், முதல் உலகப்போரில் ஆயுதம் இல்லாமல் வேலை செய்து செத்த கறுப்பினத் தொழிலாளர் படையினர் 1,772 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தூணும் பெயருமாக நினைவிடம் திறந்தார்கள். அதுவும் தென்னாப்பிரிக்க ராணுவ ஆவணக் காப்பகத்தில் பட்டியல் கிடைத்ததால் நடந்தது.

நம் பக்கத்தில் என்ன செய்தோம்? கசப்பான ஒரு விஷயம்: சயாமில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு முதலில் தமிழில் கல்வெட்டு வைத்தது ஜப்பானியர்கள். 1944ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதையில் இறந்தவர்களுக்காக ஒரு தூண் எழுப்பி, சுற்றிப் பல மொழிகளில் பலகை பதித்தார்கள், தமிழும் அதில் ஒன்று. கொன்றவன் வைத்த கல். அதற்குப் பிறகு காஞ்சனபுரி தாவோர்ன் விகாரையில் ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் மேல் ஒரு தூபி. 2023ல் அதே விகாரை வளாகத்தில் தமிழர்களுக்கென ஒரு நடுகல். மலேசியத் தமிழர்கள் பல வருஷம் அலைந்து செய்தது, தாய்லாந்துத் தமிழர்கள் துணை நின்றார்கள், தமிழக அரசும் நிதி கொடுத்தது.

அந்த நடுகல்லைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முதலில் எனக்கு அந்தப் பெயரே உறுத்தியது. நடுகல் போரில் விழுந்தவனுக்கு அல்லவா, மண்வெட்டியோடு காலராவில் செத்தவனுக்கா என்று. கோவிவனையும் அரசலாபுரத்துக் கோழியையும் நினைத்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது. நம் மரபு அவ்வளவு கறாராக ஆள் பார்த்துக் கல் வைக்கவில்லை. மிஞ்சிய குறை வேறு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல். பெயர் எழுதுவதுதான் நடுகல்லின் உயிர் என்று மேலே சொன்னேன். இந்தக் கல்லில் அதைச் செய்ய முடியாது. வைத்தவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்கள் கையில் பட்டியல் இல்லை. ஆனால் கல் திறந்தாச்சு, கடமை முடிஞ்சது என்று நாம் உட்கார்ந்துவிட்டால், பஸ்ராவில் 'மேலும் இத்தனை பேர்' என்று எழுதியவனுக்கும் நமக்கும் அதிக தூரம் இருக்காது.

பட்டியலை இப்போது கட்ட முடியுமா? முழுசாக முடியாது. கொஞ்சம் முடியும் என்றே நினைக்கிறேன். தோட்டங்களில் சம்பளத்துக்காக செக்ரோல் இருந்தது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு. 1941 செக்ரோலில் இருந்து 1946 செக்ரோலில் இல்லாதவர்களைப் பிரித்தாலே ஒரு ஆரம்பம் கிடைக்கும். (எல்லாரும் செத்தவர்கள் அல்ல, சிலர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்கள், சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருப்பார்கள். அதனால் இது சந்தேகப் பட்டியல் மட்டும்.) அதோடு நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகப் போனவர்களின் பதிவுகள். கங்காணிகள் ஆள் எடுத்த மாவட்டங்களில் நம் பழைய தென்னாற்காடும் ஒன்று. கடலூர், விழுப்புரம் என்று 1993ல் பிரிவதற்கு முன் நெய்வேலியும் பண்ருட்டியும் அதில்தான் இருந்தன. இந்திய அரசு 1938ல் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரைக்கும் போனவர்களின் வீடுகள் இன்னும் இங்கேதான் இருக்கு. வீட்டில் ஒரு கடிதம், ஒரு மணியார்டர் ரசீது, ஒரு போட்டோ. அதுவும் இல்லை என்றால் அமாவாசைக்குப் படைக்கும்போது சொல்லும் பெயர்.

ஒரு எக்செல் ஷீட் திறந்து வைத்திருக்கிறேன். கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஊர், மலாயா போன வருஷம், தோட்டம், சயாமுக்குப் போன மாதம், யார் சொன்னது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் வயசானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், எனக்கு அனுப்புவது அப்புறம்.

முதல் வரிசையைப் பெரியவரிடம் கேட்டு நிரப்பினேன். பெயர் சொன்னார், தகப்பன் பெயர் சொன்னார், ஊர் தெரியும். தோட்டம் பேராக் பக்கம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் அத்தை ஒருவர் விருத்தாசலத்தில் இருக்கிறாராம், தொண்ணூறைத் தாண்டியவர், அவருக்குத் தோட்டத்தின் பெயர் தெரிந்திருக்கலாம் என்றார். வருகிற ஞாயிறு இரண்டு பேரும் போகிறோம்.